கோயம்பேட்டில் ஒரு பந்தி

மெரினாவில் எம்.ஜி.ஆர். சமாதிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருப்பீர்கள். அங்கே காதை வைத்துக் கேட்டிருக்கிறீர்களா? 'சேச்சே, நானா!' என்பீர்கள். பரவாயில்லை, யாரும் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்ளலாம்.

2024 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் கொள்ளாத ஜனம் வந்து இறங்கியிருந்தது. ஒரு பாட்டி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து, சமாதிக் கல்லில் காதை ஒட்ட வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிஷம் ஆடவில்லை, அசையவில்லை.

"ஓடுதா ஆயா?" என்றான் பேரன்.

"ஓடுதுடா. சத்தம் போடாத."

ஓடுவது எம்.ஜி.ஆரின் கைக்கடிகாரம். அவரை அடக்கம் செய்தபோது கையில் கட்டியிருந்த வாட்ச்சையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள், அது இன்னும் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஜனங்களின் நம்பிக்கை. அவர் இறந்தது 1987 டிசம்பர் 24. என் கையில் இருப்பது வருஷத்துக்கு ஒரு பேட்டரி சாப்பிடுகிறது. அது எந்த ஊர்க் கம்பெனி வாட்ச் என்று தெரிந்தால் நாமும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்!

நானும் குனிந்து காதை வைத்தேன். காமராஜர் சாலையில் ஒரு பஸ் ஹாரன், சுண்டல்காரப் பையனின் குரல், அப்புறம் என் காதுக்குள்ளேயே ஓடும் ரத்தத்தின் 'உஸ்'. நிமிர்ந்தால், பாட்டி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சும்மா."

வேறு என்ன சொல்வீர்கள் நீங்கள்?

நம் ஊரில் ஒரு பிரபலம் இறந்தால் ரசிகன் என்ன செய்வான் என்பதற்கு ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது. 1969 பிப்ரவரியில் அண்ணா இறந்தபோது ரயில் கூரை மேலெல்லாம் உட்கார்ந்து வந்தார்கள். எம்.ஜி.ஆருக்கு மொட்டை அடித்தவர்கள் ஆயிரக்கணக்கில். கடைகளை உடைத்தார்கள், பஸ்ஸைக் கொளுத்தினார்கள், சிலர் தங்களையே கொளுத்திக்கொண்டார்கள். 2016 டிசம்பரில் ஜெயலலிதா இறந்தபோது, அதிர்ச்சியில் உயிரை விட்டவர்கள் என்று கட்சியே நூற்றுக்கணக்கான பெயர்களைப் பட்டியல் போட்டு, குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. துக்கத்துக்குக் கூட இங்கே ஒரு ரேட் உண்டு.

இதையெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே 'பைத்தியக்காரப் பசங்க' என்று சொல்வது சுலபம். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஆபீஸ் லீவ் பாரத்தில் 'இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருக்கும். பெரியப்பா என்று எழுதலாம், மாமியார் என்று எழுதலாம் (எங்கள் செக்‌ஷனில் ஒருவருக்கு மாமியார் மூன்று தடவை இறந்திருக்கிறார்). 'பதினாறு வயசில் நான் கட் அவுட்டுக்கு மாலை போட்டவர்' என்று எழுத இடமில்லை. அந்த உறவுக்குப் பெயரும் இல்லை, சாங்கியமும் இல்லை. பத்தாம் நாள் என்ன செய்ய, பதினாறாம் நாள் என்ன செய்ய என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தருவதில்லை. ஆகவே அவரவர் கைக்கு வந்ததைச் செய்கிறார்கள். ஒருவர் காதை வைக்கிறார். ஒருவர் பஸ் கண்ணாடியை உடைக்கிறார்.

சோறு போடுகிறவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் நான் அன்றைக்குக் கிளம்பியது. கடற்கரையிலிருந்து கோயம்பேட்டுக்கு பஸ் ஏறினேன்.

*

அமைந்தகரையில் பஸ் நகரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் இத்தனை பேர் எங்கேதான் போகிறார்கள்! இதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில்தான் 2023 டிசம்பர் 29-ம் தேதி மத்தியானம் விஜயகாந்தின் உடலை ஏற்றிய வண்டி ஊர்ந்து வந்தது. 28-ம் தேதி காலையில் இறந்தார். வயது 71. கோயம்பேடு கட்சி அலுவலகத்தில் வைத்த உடலைப் பார்க்கக் கூட்டம் தாங்காமல், மறுநாள் விடிகாலையில் தீவுத்திடலுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி கோயம்பேட்டுக்கு ஊர்வலமாகக் கொண்டுவந்து, அரசு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மேம்பாலம், மொட்டை மாடி, மரக்கிளை, பஸ் கூரை எங்கும் தலைகள்.

அதற்கு மறுநாள், டிசம்பர் 30-ல், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்கள் ஒவ்வொன்றாகக் கோயம்பேட்டை விட்டுப் போயின. மதுரையிலிருந்து வந்த மனுஷன் கோயம்பேட்டில் தங்கிவிட்டார், மதுரை பஸ் போய்விட்டது.

பூ மார்க்கெட்டில் ஒரு மாலை வாங்கப் போனேன். "யாருக்கு ஸார், கல்யாணமா, காரியமா?" என்றார் கடைக்காரர். சொன்னேன். சம்பங்கி மாலையை எடுத்துக் கொடுத்து, சொன்ன விலையில் தானாகவே இருபது ரூபாய் குறைத்தார். கோயம்பேட்டு வியாபாரி கேட்காமல் விலை குறைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேம்பாலத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது அந்த இடம். பழைய ஆண்டாள் அழகர் கல்யாண மண்டபம். ஆண்டாள் அம்மா பெயர், அழகர்சாமி அப்பா பெயர். இந்த மேம்பாலம் கட்டுவதற்காகத்தான் 2007-ல் மண்டபத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். அரசியலுக்கு வந்ததற்குக் கிடைத்த பரிசு என்று கட்சிக்காரர்கள் இன்றைக்கும் கொதிக்கிறார்கள். இடித்தது போக மிச்சம் இருந்ததுதான் கட்சி அலுவலகம். அதன் வளாகத்தில்தான் சமாதி. 'கேப்டன் ஆலயம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆலயம் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். நம் ஆட்கள் கோயில் கட்டினால் உண்டியல், அர்ச்சனை டிக்கெட், சிறப்பு தரிசனம் எல்லாம் பின்னாலேயே வருமே! அப்படி ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான். பூ, ஊதுபத்தி வாசனை, சிரிக்கிற படம். ஒரு அம்மா கைக்குழந்தையைச் சமாதி மேல் கிடத்தி எடுத்தார். ஒரு கல்லூரிப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒருவர் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாட்ச்மேனும் அவரை 'நகருங்க நகருங்க' என்று விரட்டவில்லை.

எனக்கு முன்னால் நின்றவர் ஓசூர்க்காரர். லேத் பட்டறை. முழங்கை வரைக்கும் கேப்டன் பிரபாகரன் பச்சை குத்தியிருந்தார். 1991-ல் வந்தது, விஜயகாந்துக்கு நூறாவது படம். பச்சையில் துப்பாக்கி மட்டும் கொஞ்சம் புடலங்காய் போல வந்திருந்தது.

"ஒன்பது மணி நேரம் நின்னேன் ஸார், அன்னிக்கு. மொகத்தப் பாக்க முடியல. அதனால மாசாமாசம் வந்துட்டிருக்கேன்."

"பெங்களூர் பக்கத்திலேயே இருக்கீங்களே, புனித் ராஜ்குமார் சமாதியைப் பார்த்திருக்கீங்களா?"

"பாக்காமயா! கண்டீரவா ஸ்டூடியோ. அப்பா சமாதி பக்கத்துலயே." சட்டைப்பையிலிருந்து பர்ஸை எடுத்தார். அதிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு அட்டை. கண் தான அட்டை! "அவரு கண்ணு நாலு பேருக்கு வெளிச்சம் குடுத்துச்சுன்னாங்க. அந்த வாரமே எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்கு இது புதுசாக இருந்தது. 2006 ஏப்ரலில் அப்பா ராஜ்குமார் இறந்தபோது பெங்களூர் எரிந்தது. கல்வீச்சு, துப்பாக்கிச்சூடு, ஒரு போலீஸ்காரரையே அடித்துக் கொன்றார்கள். ராஜ்குமாரும் கண்ணைத் தானம் செய்தவர்தான், ஆனால் அன்றைக்கு அது யார் காதிலும் ஏறவில்லை. 2021 அக்டோபர் 29-ல் மகன் 46 வயதில் போனபோது சில உயிர்கள் போகத்தான் செய்தன. ஆனால் ஊர் எரியவில்லை. கண் தானத்துக்குப் பெயர் கொடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதே ஊர், அதே ஜனம்.

அதே வருஷம் ஏப்ரல் 17-ல் நடிகர் விவேக் இறந்தபோது இங்கே விருகம்பாக்கத்திலும் அப்படித்தான் நடந்தது. அப்துல் கலாம் சொன்னார் என்று ஊர் ஊராகப் போய் லட்சக்கணக்கில் மரம் நட்டவர். இறுதி ஊர்வலத்தில் ரசிகர்கள் மாலைக்குப் பதில் மரக்கன்றுகளோடு நடந்தார்கள். கொரோனா காலம், முகத்தில் மாஸ்க், கையில் கன்று. இறந்தவர் செய்துகொண்டிருந்ததை அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செய்வது என்று ஒரு வழி நம் பையன்களுக்குப் பிடிபட்டிருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. அரசியல்வாதிகள் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

விஜயகாந்த் செய்துகொண்டிருந்தது சோறு போடுவது.

இதைச் சினிமாக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நாளில் படப்பிடிப்பில் ஹீரோவுக்கு ஒரு கேரியர், டைரக்டருக்கு ஒரு கேரியர், லைட்மேனுக்குப் பொட்டலம். தன் படத்தில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, தனக்கும் அதுதான் என்று கொண்டுவந்தவர் அவர். சான்ஸ் தேடி அலைந்த எத்தனையோ பேருக்கு தி.நகரில் அவர் ஆபீஸ் பந்தியில்தான் மத்தியானச் சாப்பாடு. திரைப்படக் கல்லூரி மாணவர்களை நம்பி யாரும் கால்ஷீட் கொடுக்காத காலத்தில் 'ஊமை விழிகள்' பண்ணினார், 1986-ல். நடிகர் சங்கத் தலைவராக இருந்தபோது ஆட்களைத் திரட்டி மலேசியா, சிங்கப்பூர் என்று கலைநிகழ்ச்சி நடத்திச் சங்கத்தின் கடனை அடைத்தார். கணக்குக் கேட்கிற ஹீரோக்களை நமக்குத் தெரியும். கடனை அடைக்கிற ஹீரோ அபூர்வம்.

*

என் பின்னால் நின்ற பையனைப் பற்றிச் சொல்லவில்லையே. இருபத்தஞ்சு வயசு இருக்கும். கழுத்தில் ஐ.டி. கார்டு. ஞாயிற்றுக்கிழமையும் கழற்றாத ரகம். கையில் செல்போனை நீட்டிப் பிடித்தபடியே வந்தான்.

"ரசிகரா தம்பி?"

"இல்லண்ணா..." என்று இழுத்தான். "நான் காலேஜ்ல மீம் பேஜ் வெச்சிருந்தேன். இவர வெச்சுதான் நெறைய போட்டிருக்கேன்."

ஓசூர்க்காரர் திரும்பிப் பார்த்தார். பையன் செல்போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

யாரும் மறந்திருக்க முடியாது. 2014, 15, 16-களில் செல்போனைத் திறந்தால் விஜயகாந்த்தான். நாக்கு குழறுவது ஜோக். மேடையில் தடுமாறுவது ஜோக். பத்திரிகைக்காரர்களைப் பார்த்துத் 'தூ' என்றது பெரிய ஜோக். 'நரசிம்மா' படத்தில் மின்சாரத்துக்கே ஷாக் அடித்தாரே, அதைச் சிரிக்கலாம், தப்பே இல்லை. அவரே சிரித்திருப்பார். ஆனால் பிற்பாடு குழறியது உடம்பு. அது வியாதி என்று தெரிந்த பிறகும் யாரும் நிறுத்தவில்லை.

தேர்தலும் அப்படித்தான். 2006-ல் விருத்தாசலத்தில் தனி ஆளாக ஜெயித்தார். 2011-ல் 29 எம்.எல்.ஏ.க்களோடு எதிர்க்கட்சித் தலைவர். 2016-ல் உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் கூடக் கிடைக்கவில்லை. அரசியலில் அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டணிக்காக அவர் கட்சி கடைசி நிமிஷம் வரைக்கும் இரண்டு பக்கமும் பேரம் பேசியதை நாடே பார்த்தது. ஓட்டுப் போடாதது ஜனங்களின் உரிமை. ஆனால் தீவுத்திடலுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் தேர்தல் அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள் என்று ஒரு கேள்வி வரத்தானே செய்யும்? 'நல்ல மனுஷன்ப்பா' என்று அன்றைக்குப் பேசாத டீக்கடை இல்லை. அந்த நல்ல மனுஷன் அதற்கு முந்தின வாரமும் உயிரோடுதான் இருந்தார்.

கட்சிக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். வெள்ளை வேட்டி, சுமார் அறுபது வயசு. அவர் கோபப்படவில்லை.

"2020-ல ஒண்ணு நடந்துச்சே, ஞாபகம் இருக்கா ஸார்? கொரோனால செத்த டாக்டரைப் பொதைக்க விடாம கல்லு எறிஞ்சானுங்களே, இதே சென்னைல?"

ஞாபகம் இருக்கிறது. ஏப்ரல் மாசம். ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கினார்கள். ராத்திரியோடு ராத்திரியாக இன்னொரு டாக்டரே மண்வெட்டி பிடித்து அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

"மறுநா கேப்டன் ஒரு அறிக்கை விட்டாரு. எங்க ஆண்டாள் அழகர் காலேஜ் எடத்துல ஒரு பகுதிய எடுத்துக்குங்க, கொரோனால செத்தவங்கள அங்க பொதைங்கன்னு. சொந்த காலேஜ்! பசங்க படிக்க வர்ற எடம்! எந்தத் தலைவன் ஸார் சொல்லுவான்? அப்பவும் அவருக்கு ஒடம்பு சரியில்ல. அப்பவும் மீம்ஸ் வந்துட்டுதான் இருந்துச்சு."

ஐ.டி. கார்டு பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

செத்த பிறகு எல்லாரும் ஓடி வருகிறார்கள் என்பதில் அவருக்கும் வருத்தம்தான். "வரட்டும் ஸார். வர்றவனை ஏண்டா அப்ப வரலன்னு கேட்டா எப்பிடி? சாப்ட்டியான்னு கேக்கறதுதான் மொற. கேப்டன் அப்பிடித்தான் கேப்பாரு." அதைச் சொல்லும்போது குரல் லேசாக மாறியது. சட்டென்று திரும்பி, யாரையோ பார்த்து, "டேய், அந்தப் பக்கம் தண்ணி இல்லடா!" என்று கத்தினார்.

கட்சிக்கு இதில் லாபம் இல்லையா என்றால், இருக்கிறது. சோறு போடுகிற கட்சி என்ற பெயர் சும்மாவா வரும்? கட்சிக்கு மட்டும்தானா? 2024 செப்டம்பரில் விஜய் படத்தில் கம்ப்யூட்டர் மூளையை வைத்து விஜயகாந்த் முகத்தைக் கொண்டுவந்தார்கள். தியேட்டரே எழுந்து நின்றது. அதே மாசம் 'லப்பர் பந்து' படத்தில் 'பொன்மனச் செல்வன்' பாட்டைப் போட்டார்கள். மறுபடி விசில். 1989-ல் வந்த பாட்டு, விசிலடித்தவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. இறந்த பிறகு அவரை வைத்துச் சம்பாதிக்காதவர் யாரும் இல்லை. அந்தச் சம்பாத்தியத்தில் சாம்பார் சாதமாக ஜனங்களுக்குத் திரும்பி வருகிறது இது ஒன்றுதான்.

*

மணி பன்னிரண்டரை. பந்தி ஆரம்பித்தது. தினமும் உண்டு என்றார்கள். லாரி டிரைவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், வேலை தேடி வந்து பை தூக்கி அலைகிறவன், வடநாட்டுப் பையன்கள் நாலைந்து பேர், குடும்பத்தோடு கார் எடுத்து வந்தவர், எல்லாரும் ஒரே வரிசை. வடநாட்டுப் பையனுக்கு விஜயகாந்த் யார் என்று தெரியுமா? சைகையில் படத்தைக் காட்டிக் கேட்டேன். "கேப்டன்" என்றான், வாய் நிறையச் சாதத்தோடு. பாஸ் பண்ணிவிட்டான்.

ஓசூர்க்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் கவளத்தை எடுத்து ஒரு விநாடி கையிலேயே வைத்திருந்துவிட்டுச் சாப்பிட்டார். அப்புறம் பேசவே இல்லை. சாம்பார் சாதம் சூடாக, கொஞ்சம் காரமாக, நன்றாகவே இருந்தது. எங்கள் ஆபீஸ் கேன்டீன் கான்ட்ராக்டர் ஒரு தடவை இங்கே வந்து பந்தியில் உட்கார வேண்டும்.

பையன் சாப்பிட உட்காரவில்லை. செல்போனை மறுபடி எடுத்துப் பந்தியை வீடியோ பிடிக்கத் தொடங்கியிருந்தான். பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் வாளியோடு அவன் எதிரில் போய் நின்றார்.

"சாப்ட்டியா?"

"இல்லங்க... அப்புறமா..."

"அப்ப அதக் கீழ வெச்சிட்டு இதப் பிடி. எனக்கு முட்டி வலி."

வாளியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். பையன் திருதிருவென்று விழித்தான். ஐ.டி. கார்டு வாளிக்குள் விழப் பார்த்தது, தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டான். கரண்டியைப் பிடிக்கத் தெரியவில்லை, பேனா பிடிப்பது மாதிரி பிடித்தான். முதல் ஆளுக்குப் போட்டான். இரண்டாவது ஆளுக்குப் போட்டான். மூன்றாவதாக உட்கார்ந்திருந்த மூட்டை தூக்குகிற தாத்தாவுக்கு மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே நின்றான். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியவில்லை போல.

"யப்பா, யப்பா! போதும்டா!" என்று தாத்தா அலறினார். "தட்டு சின்னதுப்பா! வேட்டியெல்லாம் சாம்பார்!"